நயினார் வக்கீல் வீட்டு அடுக்களை வாசல்

செய்தி வந்தபோது நான் மக்ரூன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் தங்கச்சியின் பேத்திக்கு அன்று பிறந்தநாள். கடைக்காரர் தராசில் வைத்த மக்ரூன்களில் உடைந்தவற்றை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கையில் கைப்பேசி அடித்தது. பேசியது வக்கீல் ஆறுமுகநயினாரின் ஜூனியர் பிரான்சிஸ்.

"சார், ஐயா போயிட்டாங்க."

"எங்கலே போனாரு? மதுரைக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், அவர் உயர்நீதிமன்றத்துக்குப் போவதைத் தவிர வேறு எங்கும் போகிற மனிதராக என் புத்திக்குத் தோன்றவில்லை. பிரான்சிஸ் மூக்கை உறிஞ்சினான். அப்போதுதான் விளங்கியது.

"எப்படிலே? எப்ப? நேத்து சாயங்காலம்கூடப் பாத்தனே!"

மறுபடி மூக்கை உறிஞ்சினான். பிறகு சொன்னான்: "அதெல்லாம் வீட்டுல அனுமதி கேட்டுட்டுச் சொல்லுதேன் சார்."

பார்த்துக்கொள்ளுங்கள். செத்துப்போன மனிதர் எப்படிச் செத்தார் என்பதைக்கூட அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டானாம். இப்படி ஒரு ஜூனியரைத் தயார் செய்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் அழ மறந்துபோனேன். உடைந்த மக்ரூனையெல்லாம் நானே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, படியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

நயினார் வக்கீலை அறிந்தவர்களுக்காகத்தான் இந்த நினைவு மலர் என்கிறார்கள். ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றும் சொன்னார்கள். அவரால் நான் பட்ட எரிச்சலை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வது மன்னார் வளைகுடாவை ஒரு சொம்பில் அள்ளச் சொல்வது போன்றது. என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பீச் ரோட்டில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் பாண்டி. கயிறு, சங்கிலி, நங்கூரம் எல்லாம் விற்கிறேன். என்னிடம் காலையில் சொன்ன ரகசியம், இங்கிருந்து தோணி கிளம்பும் முன்னால் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். தோணி கிளம்பிய பிறகுதான் போய்ச் சேரும். இப்படிப்பட்ட எனக்கு ஆண்டவன் கொடுத்த சிநேகிதர், முத்துச்சிப்பியே பார்த்து வெட்கப்படும் அளவுக்கு வாயை மூடி வைத்திருந்த ஒரு வக்கீல்.

அவர் அலுவலகம் அவர் வீட்டு முன்னறைதான். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பழைய மின்விசிறி நின்றது. காற்று ஒரு பொட்டு வராது. சத்தம் மட்டும் நிலக்கரிக் கப்பலின் இஞ்சின் போலக் கேட்கும். நல்ல விசிறியாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "காத்துக்கா வே அத வச்சிருக்கேன்?" என்பார். வெளியே பெஞ்சியில் காத்திருப்பவர் காதில் உள்ளே இருப்பவரின் பேச்சு விழக் கூடாது, அதற்காகத்தான் அந்தச் சத்தம். அதோடு விட்டாரா? பேசி முடித்த கட்சிக்காரர் வந்த வழியே திரும்பக் கூடாது. அடுக்களை வழியாகக் கொல்லைப்பக்கம் போய்த்தான் தெருவில் இறங்க வேண்டும். "அழுத மொகத்தோட ஒருத்தன் முன்வாசல்ல எறங்கினாம்னா, உக்காந்திருக்கவன் அதுக்குள்ள ஒரு கத கட்டிருவான் வே" என்பது அவர் வாதம். இதனால் இந்த மாவட்டத்தின் வழக்காடிகள் அத்தனை பேரும் நயினார் வீட்டு அடுக்களையைப் பார்த்தவர்கள். மதினி, அதாவது அவர் மனைவி, அவர்களுக்கெல்லாம் ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்புவார். பெயர் கேட்க மாட்டார். உலக நீதித்துறை வரலாற்றிலேயே மோர் ஊற்றி ரகசியம் காத்த ஒரே அடுக்களை அது.

அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். நீதிமன்றம் போகிற வழியில், முக்கில், ஒரு ஃபிளெக்ஸ் வைத்தேன். சின்னதுதான், ஒரு தோணிப் பாய் அளவு. சிங்கத்தின் உடம்பில் நயினார் அண்ணாச்சியின் தலை. பின்னால் கப்பல், அலை, உதயசூரியன். 'தென்கடல் சீமையின் சட்டச் சிங்கமே! வழக்கு என்றால் நயினார், வாழ்வு தருவார் நயினார்!' என்று எழுதி, கீழே ஓரமாக என் படமும் கடைப் பெயரும். மாலையும் கழுத்துமாக, கலச நீர் ஊற்றிய ஈர வேட்டியோடு அவரே ஓடி வந்தார்.

"வே பாண்டி! எறக்கும் அத!"

"ஏன் அண்ணாச்சி, சிங்கம் சின்னதாப் போச்சோ?"

"வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுவே. நானும் பண்ணக் கூடாது, எனக்காக இன்னொருத்தன் பண்ணவும் விடக் கூடாது. வாசல்ல தொங்குத பேர்ப் பலகையே அளவாத்தான் இருக்கணும்னு விதி இருக்கு."

"சிங்கத்துக்குமா அளவு போட்டிருக்கு?"

ஏணியைப் பிடுங்கிச் சாய்த்து மாலையோடு ஏறினார். கட்டியிருந்தது என் கடை நைலான் கயிறு. முடிச்சும் நான் போட்டது. புயலுக்கே அவிழாதது அறுபது வயது வக்கீலுக்கு அவிழுமா? மேலே நின்றுகொண்டு கத்தி கேட்டார். நான் இல்லை என்றேன். கடைசியில் பூக்கடைக்காரி கொடுத்த கத்தியால் சிங்கத்தை அறுத்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் தாலி கட்டப் போனார். மதினி மணையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு முறை, ஒரு விசைப்படகு முதலாளி மீன் ஏலம் நடக்கிற இடத்தில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டு திட்டினான். கடலோரத்து வசவு எல்லாம் வந்து விழுந்தது. நயினார் அண்ணாச்சி கையில் ஒரு விளமீனைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். அவன் இவருடைய கட்சிக்காரன். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அவன் கேஸ் கட்டத் தூக்கி மூஞ்சில எறியும் அண்ணாச்சி!"

"தேதி போட்டிருக்குவே. இப்ப விட்டா அவன் எங்கன போயி நிப்பான்? வெலகணும்னா மொதல்ல சொல்லணும், இன்னொரு வக்கீல் பாக்க அவனுக்கு நேரம் கொடுக்கணும். நெனச்ச நேரத்துல எறக்கி விட நான் என்ன மினிபஸ் கண்டக்டரா?"

"சரி, எதுக்குத் திட்டுதான்? அதையாவது சொல்லும்."

"அது அவனுக்கும் எனக்கும் உள்ளது."

திட்டியது நூறு பேர் முன்னால். காரணம் மட்டும் இருவருக்குள்! மறு வாரம் அதே ஆளுக்காக நீதிமன்றத்தில் அப்படி வாதாடினாராம், கூடப் பிறந்தவனுக்குக்கூட ஒருவன் அப்படிப் பேச மாட்டான் என்றார்கள்.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருவதும் ஆபத்து. ஒரு தடவை எதிர் இலையில் இருந்தவர் குனிந்து, "சார், அந்த எடப் பிரச்சினைய நாம பேசியே முடிச்சிருவமா?" என்றார். அவர் ஒரு வழக்கின் எதிர்த்தரப்பு என்பது எனக்குத் தெரியாது. நயினார் அண்ணாச்சி கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஒம்ம வக்கீல்ட்ட சொல்லும். அவரு என்ட்ட சொல்லட்டும். வக்கீல் வச்சிருக்க எதிராளிட்ட நான் நேரடியாப் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்திருந்தது. சேமியாப் பாயசம். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். மொத்த வியாபார எரிச்சல் ஒன்று உண்டு. அது என் தங்கச்சி மகள் முத்துச்செல்வியின் கல்யாணத்தில் வந்தது.

தங்கச்சி புருஷன் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கும் பொறுப்பு தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது. பையன் பெயர் மாரிச்செல்வம், துறைமுகத்தில் கிரேன் பிரிவில் பொறியாளர். சொந்த ஊர் கொற்கைப் பக்கம், வாழைத் தோட்டம் உள்ள குடும்பம். முத்துச்செல்விக்கும் கப்பல் ஏஜென்சி ஒன்றில்தான் வேலை. இருவரும் வேலை விஷயமாகப் பேசிப் பழகியவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு மட்டும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்தார்கள், பிடித்தது. எல்லாம் சரி. ஆனால் பையனின் அப்பாவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சில வருஷங்களுக்கு முன்னால் அந்த மனிதர் நயினார் வீட்டு அடுக்களையில், கண் சிவந்து, மோர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன். மதினியிடம் மோர் குடிக்க நான் கொல்லை வழியாக வருவது வழக்கம். அன்று நான் பார்த்துவிட்டது தெரிந்த நாளிலிருந்துதான், "இனிமே முன்வாசல்ல வாரும்வே" என்று அண்ணாச்சி எனக்கு அடுக்களை வழியை அடைத்தார்.

நேராக அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, கொற்கைக்காரர் குடும்பம் எப்படி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒம்மட்ட வந்தாருல்லா? என்ன கேஸு?"

மறுபடி துடைத்தார்.

"பொண்ணு வாழ்க்க அண்ணாச்சி! நம்ம புள்ள! நீரு தூக்கி வச்ச புள்ள!"

அந்த விசிறியைப் போட்டுவிட்டார். சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாண விசாரிப்பில் எவனும் வாய்விட்டு ஒரு குடும்பத்தைக் கெட்டது என்று சொல்ல மாட்டான். நல்ல குடும்பமாக இருந்தால், "தாராளமாச் செய்யலாம் அண்ணாச்சி" என்பான். கெட்டதாக இருந்தால், "மழ வாரமாதிரி இருக்கே" என்று வானத்தைப் பார்ப்பான். விசாரிக்கப் போனவன் புரிந்துகொண்டு எழுந்துவிட வேண்டும். காலங்காலமாக நாம் இப்படித்தான் சம்பந்தம் முடித்தும் முறித்தும் வந்திருக்கிறோம். ஆகவே நானும் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "நயினார் வக்கீல் வாயத் தொறக்கல" என்றேன். தங்கச்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தோணியில் இருந்த தங்கச்சி புருஷனுக்கு ஆள் மூலம் சொல்லிவிடுவது, பையன் வீட்டுக்கு ஜாதகம் சரியில்லை என்று தகவல் அனுப்புவது என்று முடிவாயிற்று.

முத்துச்செல்வி அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "மாமா, ஒரு ஆளு ஒண்ணுமே சொல்லலங்கதுக்காக என் கல்யாணத்த நிப்பாட்டுதீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சோறு வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள்.

அந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நயினாரிடம்தான்.

"போதும் அண்ணாச்சி. நீரு சொன்னபடியே சம்பந்தத்த விட்டுட்டோம்."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "வே, நான் ஒண்ணும் சொல்லலியே!"

"அதான் சொல்லிட்டீரே!"

"நான் எங்கவே சொன்னேன்?"

"சும்மா இருந்தீருல்லா! அதுக்கு என்ன அர்த்தம்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நான் விட்டேனா? "அப்ப நல்ல குடும்பம்னு ஒரு வார்த்த சொல்லிரும். முடிஞ்சு போச்சு. நல்லது சொல்லத் தடையா இருக்கு?"

"தடதான்வே" என்றார். "இவர நல்லவர்னு இன்னைக்குச் சொல்லிட்டேம்னு வையும். நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு குடும்பத்தப் பத்தி வந்து கேப்பான். அப்ப நான் சும்மா இருந்தா, அவங்க கெட்டவங்கன்னு ஆயிராதா? ஒருத்தருக்கு வாயத் தொறந்தா அம்புட்டுப் பேருக்கும் தொறந்த மாதிரி. கட்சிக்காரன் சொன்னத மட்டும் இல்ல, அவன் என்ட்ட வந்தாங்கதையே நான் சொல்லக் கூடாது. வரலங்கதையும் சொல்லக் கூடாது."

சட்டத்தைப் படைத்தவனே இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று சபதமும் செய்தேன். சபதத்துக்கு அன்று மாலையே அவர் ஆப்பு வைத்தார். என் தங்கச்சி வீட்டுக்கு அவரே வந்தார். நடு வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேச்சித்தாயி, ஒம் மகள வரச் சொல்லு" என்றார். முத்துச்செல்வி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"பாண்டி, கேளும். எவனப் பத்தி வேணும்னாலும் கேளும்."

நான் முழித்தேன். பிறகு, "முக்குல பலசரக்குக் கட வச்சிருக்காரே, அவரு எப்படி?" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். அதே முகம், கொற்கைக்காரருக்குக் காட்டிய அதே முகம்.

"நம்ம கோயில் தர்மகர்த்தா?"

துடைத்தார்.

"ஒம்ம கூடப் பெறந்த தம்பி? ஸ்ரீவைகுண்டத்துல வயலப் பாத்துக்கிட்டு ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவில்லாம இருக்காரே, அவரு?"

துடைத்தார்.

எனக்குள் இருக்கும் குறும்புக்காரன் விழித்துக்கொண்டான். "மதினி சமையல் எப்படி?"

அதற்கும் துடைத்தார். அந்த வீரத்தை நான் எந்தப் போர்க்களத்திலும் கேள்விப்பட்டதில்லை.

"சரி. நான் எப்படி? இந்தப் பாண்டி யோக்கியனா இல்லியா?"

கண்ணாடி மூக்குக்குத் திரும்பி வருவதற்கு வெகு நேரம் பிடித்தது. என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஓய்! என்னையுமா?" என்று நான் அலற, நிலைப்படியில் இருந்து சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் யாரும் சிரித்து நாளாகியிருந்தது.

"அம்மா, இவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்காங்க" என்றாள் முத்துச்செல்வி. "அப்ப அன்னைக்கு இவங்க சும்மா இருந்ததுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல."

நயினார் அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒருத்தரப் பத்தித் தெரியணும்னா அவரையே கேக்கலாம் தாயி. அதுக்கு எந்த விதியிலயும் தட கெடையாது" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தங்கச்சி கொண்டுவந்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் முத்துச்செல்வி கடற்கரைப் பூங்காவில் மாரிச்செல்வத்தைப் பார்த்து, அப்பா எதற்காக வக்கீலிடம் போனார் என்று நேரிடையாகக் கேட்டுவிட்டாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "சம்மதம் மாமா. தோணிக்குச் சொல்லிவிடுங்க."

"என்னளா சொன்னான்? என்ன கேஸாம்?"

"அத அவங்க என்கிட்டச் சொன்னாங்க. ஒங்ககிட்டச் சொல்லல."

தொற்றிக்கொண்டது! ஒரே ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதில் அந்த நோய் என் குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், அவளுக்கு மக்ரூன் பிடிக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். மாரிச்செல்வம் தங்கமான பையன். ஆனால் அன்று அந்த அடுக்களையில் அவனுடைய அப்பா ஏன் கண் சிவந்து நின்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது அண்ணாச்சியும் போய்விட்டார். ஒரு துப்பும் விட்டுவைக்கவில்லை.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். இளைத்துப்போய்த் தலையணைக்குள் புதைந்து கிடந்தார். கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு மேலே கையைக் காட்டி, "அந்த ஃபேனக் கூட்டி வையும்வே" என்றார். ஆஸ்பத்திரி விசிறிக்குச் சத்தம் போதவில்லை. அலுத்துக்கொண்டார். என்னைக் கிட்டே வரச் சொல்லி, காதில் ஒன்று சொன்னார். கட்சிக்காரர் யாரைப் பற்றியதும் இல்லை. அதுவாக இருந்தால் அவர் சொல்லியிருக்கவே மாட்டார். அவருடைய சொந்த விஷயம்.

"யார்ட்டயும் சொல்லாதேயும்."

"அண்ணாச்சி, ஆள் தெரிஞ்சுதான் சொல்லுதீரா? நான் பாண்டி. ஒம்ம ஜூனியர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"அவன் காப்பாத்துவான்வே. அது அவன் தொழிலு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்: "நீரு காப்பாத்துனீருன்னா, அது எனக்காகல்லா."

இப்படியா ஒரு மனிதனை மாட்டிவிட்டுப் போவது?

காரியம் நடந்த வீட்டில் முன்வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைசியாக அவரைத் தனியாகப் பார்த்தது நான்தான் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தவரை அதை நான் பரப்பவில்லை. "அண்ணாச்சி, என்ன சொன்னாரு?" "சொத்து விஷயமா?" "சும்மா சொல்லும் பாண்டி, நமக்குள்ளதானே!" பிரான்சிஸ்கூட ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். என் வாய் திறந்தது. பழக்கம் அப்படி. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. வேறு வழி தெரியாமல் என் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருந்து மதினி வந்தார். என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர் மட்டும் எதையும் கேட்கவில்லை.

"தம்பி, நீங்க அடுக்கள வழியாப் போங்க" என்றார்.

அடைபட்ட அந்த வழி எனக்கு மறுபடி திறந்தது அப்படித்தான். மோர்த் தம்ளரைக் கையில் கொடுத்தார். குடித்தேன். என் கண்ணும் சிவந்துதான் இருந்திருக்கும். கொல்லைப்பக்கம் இறங்கித் தெருவுக்கு வந்தேன்.

நயினார் அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் காதில் சொன்ன அந்த ஒன்றுதான். கொழும்புக்கு எத்தனையோ தோணி போய்விட்டது, அது என்னோடுதான் இருக்கிறது. இத்தனை காலம் நான் பட்ட எரிச்சலை இனி நீங்கள் படுங்கள். கடைக்கு வாருங்கள், கயிறு வாங்குங்கள், சங்கிலி வாங்குங்கள். அதை மட்டும் கேட்காதீர்கள்.